அமீனா வருவதற்கு முன்

திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை, தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: அரசுப் பேருந்து விபத்தில் நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கு, தீர்ப்பான இழப்பீட்டை உரிய காலத்தில் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை நேரம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் ஒரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. உட்கார இடமில்லை. நடத்துநர் பின்பக்கத்திலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். நீதிமன்ற அமீனா முன்படியில் ஏறி ஓட்டுநரிடம் ஒரு தாளை நீட்டினார். ஓட்டுநர் அதை முழுக்கப் படிக்கவில்லை. முதல் இரண்டு வரியிலேயே விளங்கிவிட்டது போலும், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி ஜப்தி."

முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கத்தரிக்காய்க் கூடையோடு ஏறியிருந்த ஒரு பாட்டி, கூடையை இறக்கிக் கொடுக்க ஆள் தேடினார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு நடத்துநர் சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். "ஜப்தின்னா என்னா ஆயா?" என்று பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமி கேட்டாள். "கடன் கட்டலைன்னா தூக்கிட்டுப் போவாங்கல்ல, அது" என்றார் பாட்டி. சட்டக் கல்லூரியில்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தர முடியாது.

இந்தக் காட்சி உங்கள் துறைக்குப் புதிதல்ல, எங்களுக்கும் புதிதல்ல. மாவட்டச் செய்திப் பக்கத்தில் கட்டம் கட்டி, நோட்டீஸ் ஒட்டிய கண்ணாடியின் படத்தோடு நாங்களும் அச்சிட்டிருக்கிறோம். சாமானியர் ஒருவர் அரசாங்கத்தையே மடக்கிவிட்டார் என்று வாசகருக்கு ஒரு சின்ன சந்தோஷம். மறுநாள் அது பழைய செய்தி. அந்தப் படத்தில் ஒருபோதும் வராத ஆளைப் பற்றித்தான் இந்த மடல்.

அன்றைய வழக்கின் மனுதாரர் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய வீட்டில் சந்தித்தேன். கொத்தனார். 2017-ல், அவருடைய 34-ஆவது வயதில், வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது ஒரு திருப்பத்தில் பேருந்தின் பின்சக்கரம் வலது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எந்தப் போக்குவரத்துக் கழகம், எந்தப் பணிமனை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பணிமனையிடம் விளக்கம் கேட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள்.

சாரத்தில் நின்று பிழைப்பவருக்குக் கால்தான் அஸ்திவாரம். மேல் பலகையில் ஒரு காலை ஊன்றி, உடம்பைச் சுவரோடு அணைத்து, கலவையை வீசி, மணியாஸ் கட்டையால் தேய்த்து இழுக்கிற வேலை அது. இரண்டு கையும் திடமாக இருந்தும் அவரால் இனிச் சாரம் ஏற முடியாது. கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒரு சிமென்ட் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டுவதற்காக வெளியே எடுத்தார். கரணையின் விளிம்பில் துரு ஏறியிருந்தது. "ரெண்டு வருசம் எண்ணெய் தடவி வச்சேன் சார். அப்புறம் விட்டுட்டேன்" என்றார்.

அவர் மனைவி அவரிடமே சித்தாளாக இருந்தவர். ஆஸ்பத்திரியில் கூட இருந்த மாதங்களில் இரண்டு கூலியும் நின்றன. இப்போது அந்த அம்மா வேறொரு கொத்தனாரிடம் கல் சுமக்கிறார்.

விபத்து 2017-ல். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் அவார்டு, அதாவது இழப்பீட்டுத் தீர்ப்பு, 2021-ல். கையில் முதல் பணம் வந்தது 2024-ல், ஒரு பேருந்து நிலையம் வேடிக்கை பார்த்த பிறகு.

அடிபட்டவரை எப்படி நடத்துவது என்று இந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. எந்த ஊர், எந்த மாநிலம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பாராட்டத் தயங்க வேண்டாத திட்டம். ஆனால் ஏறியது அரசுப் பேருந்தாக இருந்துவிட்டால், அந்த 48 மணி நேரம் முடிந்து சில மாதங்களில் அதே மனிதர் அதே அரசுக்கு எதிர்த்தரப்பு ஆகிவிடுகிறார். முதலில் கையைப் பிடித்துக் காப்பாற்றியவர்கள், பிறகு அவர் வயதுக்கும் தொழிலுக்கும் அத்தாட்சி கேட்கிறார்கள்.

இங்கே வாசகர்களுக்காக ஒரு விளக்கம். லாரியோ காரோ தனியார் பேருந்தோ ஏறியிருந்தால், இழப்பீடு கொடுக்க ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. அதே பிரிவு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு விலக்குக் கொடுக்கவும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் சும்மா அல்ல. விபத்துப் பொறுப்புகளைத் தீர்க்கவென்றே தனி நிதி ஒன்றை ஏற்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விலக்கு. தமிழ்நாட்டின் எட்டுக் கழகங்களுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 20,000 பேருந்துகள். அத்தனைக்கும் பிரீமியம் கட்டாமல் மிச்சம் பிடிப்பது நியாயமான சிக்கனம்தான், அந்த நிதி உண்மையாகவே அதன் இடத்தை நிரப்பும் வரையில்.

ஆக, காப்பீடு செய்யாத பேருந்துக்குக் காப்பீட்டு நிறுவனம் நீங்களேதான். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். வண்டிக்காரராக நின்று வழக்காடுவதை விட்டுவிட்டு, காப்பீட்டாளராக நின்று கணக்குத் தீர்க்கப் பழகுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் உங்கள் தரப்பு தாக்கல் செய்யும் எதிருரையை மாவட்ட நீதிமன்றங்களில் யாரைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார்கள். விபத்து நடந்தது மனுதாரரின் சொந்த அஜாக்கிரதையால். எங்கள் ஓட்டுநர் விதிகளுக்கு உட்பட்டு, ஒலிப்பான் எழுப்பி, மிதமான வேகத்தில் வந்தார். மனுதாரரின் வயது, தொழில், வருமானம், ஊனம் ஆகியவற்றை அவர் தக்க ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். கேட்கப்படும் தொகை மிக மிக அதிகம். பெயரையும் தேதியையும் மாற்றினால் எந்த வழக்குக்கும் பொருந்தும் தாள் அது.

நம் கொத்தனார் தன்னைக் கொத்தனார் என்று எப்படி நிரூபிப்பார்? சனிக்கிழமை மாலை மேஸ்திரி கையில் வைக்கிற கூலிக்கு ரசீது கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது, ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். கடைசியில் அவர் பூசிய வீட்டின் சொந்தக்காரர் ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அதற்குள் எத்தனை வாய்தா என்று கொத்தனாருக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. ஊன்றுகோலோடு நீதிமன்றப் படியேறியதுதான் நினைவில் இருக்கிறது. நீதிமன்றம் இரண்டாவது மாடியில்.

தமிழ்நாட்டில் அரசாங்க வண்டி ஏறிய வழக்கு புதிதில்லை. திருவாரூர்த் தேர்க்கால் கதையை நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். மனுநீதிச் சோழன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறார். அவர் பெயரில் மாவட்ட ஆட்சியர்கள் மனுநீதி நாள் நடத்துகிறார்கள். மகனையே தேர்க்காலில் இட்டதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. தேர் தன்னுடையது என்பதை அரண்மனை மறுக்கவில்லை. மணியடித்த பசுவிடம் கன்றின் வயது, தொழில், வருமானம் கேட்டு யாரும் எதிருரை போடவில்லை.

அடுத்து, ஊனத்தின் சதவீதம். இந்த வழக்குகளின் உயிர்நாடி இதுதான். மருத்துவக் குழு உடம்பைப் பார்த்து ஒரு சதவீதம் எழுதித் தருகிறது. அது உடம்பின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரக்கூடும். அதே கை, அதே வெட்டு, இழப்பு வேறு. ஆகவே ஊனச் சான்றின் எண்ணை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உங்கள் வழக்கறிஞர்கள் தீர்ப்பாயத்தில் முதலில் பிடித்துக்கொள்வது அந்த ஊனச் சான்றின் எண்ணைத்தான்.

அந்த எண்ணில் எவ்வளவு பணம் தொங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுயமாக உழைப்பவர், 40 வயதுக்குக் கீழே. பிரணய் சேத்தி வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுப்படி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கு, சர்ளா வர்மா வழக்கில் 2009-ல் வகுத்த அட்டவணைப்படி பெருக்கும் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். பிழைப்பு இழப்பு 100 சதவீதம் என்று ஏற்றால் இந்த முழுத் தொகை. 50 சதவீதம் என்று குறைத்தால் 20,16,000. ஒரு மனிதரால் சாரம் ஏற முடியுமா முடியாதா என்ற ஒரே கேள்வியில் இருபது லட்சம் இருக்கிறது. மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும், செயற்கைக் காலுக்கும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும் செலவுக்கும் ஆன தொகைகள் இதற்கு மேல்.

இந்தக் கேள்விக்காக நீங்கள் வழக்காடுவதைக் குறை சொல்லவில்லை. பொதுப் பணம், கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் கேள்வி தீர்ப்பு வந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

அவார்டு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகையையும் தீர்ப்பாயம் சொல்லும் விதத்தில் கட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆவது பிரிவு. மேல்முறையீடு செய்ய விரும்பினால் 173-ஆவது பிரிவில் 90 நாள் அவகாசம் உண்டு. இரண்டையும் செய்யாமல் கோப்பு உறங்குவதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் நடைமுறையில் அதற்குத்தான் இடம் அதிகம். பணிமனையிலிருந்து மண்டலத்துக்கு, மண்டலத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு, அங்கிருந்து சட்டக் கருத்துக்கு, பிறகு நிதி ஒதுக்கீட்டுக்கு. கோப்பு நடக்கிறது. கால் போனவர் உட்கார்ந்திருக்கிறார்.

தாமதத்தால் அரசுக்கு மிச்சம் என்று யாராவது நினைத்தால் அது தப்புக் கணக்கு. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வழக்கமாக 7.5 சதவீத வட்டி போடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் குறைந்த தொகையான 20,16,000-க்கே ஆண்டு வட்டி 1,51,200 ரூபாய், மாதம் 12,600. கோப்பு மேசையில் கிடப்பதற்கு மட்டும் மாதம் 12,600 ரூபாய் பொதுப் பணம் போகிறது. தினமும் வேலை கிடைக்காத ஒரு சித்தாளின் மாதக் கூலிக்கு அது பக்கத்தில் வரும்.

பணம் வராததால் அடுத்து இ.பி. போட வேண்டும். நிறைவேற்று மனு. அதற்கு மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. அதிலும் பணம் வராவிட்டால்தான் ஜப்தி உத்தரவு. பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் வராத பணம், வண்டி பிடிபட்டதும் பல வழக்குகளில் ஒரு பகுதியாவது வந்துவிடுகிறது. மீதிக்குத் தவணை சொல்லி வண்டியை மீட்டுக்கொண்டு போகிறார்கள். அப்படியானால் பணம் அடியோடு இல்லை என்பது உண்மையில்லை. வரிசைதான் இல்லை. யார் அமீனாவைக் கூட்டி வருகிறாரோ அவர் முன்னால் போகிறார். இ.பி. போட வசதியில்லாதவர், வக்கீலோடு மனத்தாங்கல் ஆனவர், படுக்கையை விட்டு எழ முடியாதவர் எல்லாரும் பின்னால் தள்ளப்படுகிறார்கள். அடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பின்னால்.

இன்னொரு வழி மக்கள் நீதிமன்றம். வழக்கு நடக்கும்போதே இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள அதைப் போல நல்ல இடம் இல்லை. ஆனால் அவார்டு வந்த பிறகு, "கொஞ்சம் விட்டுக் கொடுங்க, சீக்கிரம் செக் வாங்கிடலாம்" என்று அங்கே அழைப்பது வேறு சங்கதி. தீர்ப்பான கடனைத் தருவதற்குத் தள்ளுபடி கேட்பது அது. காத்திருக்க முடியாதவரிடம்தான் அந்தப் பேரம் படியும்.

உங்கள் பக்கத்துச் சங்கடங்களை நாங்கள் அறியாதவர்கள் இல்லை. 2018 ஜனவரிக்குப் பிறகு பெரிய கட்டண உயர்வு இல்லை. டீசலும் உதிரிபாகமும் அப்படி நிற்கவில்லை. ஓய்வுபெற்ற உங்கள் தொழிலாளர்களே தங்கள் பணப்பலனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். லாபமே வராத கிராமத்துக்கும் காலையும் மாலையும் ஒரு நடை ஓட்டுகிற நிறுவனம் இது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள், பின்னர் மாற்றுத்திறனாளிகளும் துணைக்கு வருபவரும்கூட. நம் கொத்தனார் உங்களுக்கு எதிரான வழக்குக்கு உங்கள் வண்டியில்தான் இலவசமாகப் போய் வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேருந்து அவருக்கு விரோதியில்லை.

போலி வழக்குகள் உண்டு என்பதும் உண்மை. தானாக விழுந்தவரைப் பேருந்து தட்டியதாகச் சொல்வதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே கேஸ் பிடிக்கிற புரோக்கர்களும் ஊரறிந்த சங்கதி. ஆனால் புரோக்கர் எங்கே முளைக்கிறார்? நேர்வழி எங்கே ஏழு வருடம் இழுக்கிறதோ அங்கே. உங்கள் அலுவலர் ஒருவர் முதல் மாதமே படுக்கைக்கு அருகில் வந்து பேசியிருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் புரோக்கர் தேவைப்பட்டிருக்காது. போலி எது, நிஜம் எது என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். ஆறு வருடம் கழித்துத் தெரியாது.

ஓட்டுநர்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆள் பற்றாக்குறையால் அடுத்தடுத்து டூட்டி பார்த்துவிட்டு வருபவர், விபத்து நடந்த அன்றே எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறி, துறை விசாரணைக்கும் நிற்கிறார். அதே திருப்பத்தில் அதற்கு முன்பும் விபத்து நடந்திருக்கிறதா, வண்டியின் பிரேக் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவருடைய தவறுக்குள் மறைந்துவிடுகின்றன. கழகம் கட்டும் ஒவ்வொரு இழப்பீடும் அந்தப் பணிமனைக்கு ஒரு பாடமாகத் திரும்ப வேண்டும். இப்போது அது வெறும் செலவுச் சீட்டாகத்தான் திரும்புகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை.

முதலாவது, நேரடி முன்மொழிவு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 149-ஆவது பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஓர் அலுவலரை நியமித்து, 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க வழி இருக்கிறது. காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்ற நீங்கள் அதே ஒழுங்கை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் தொகை பேச அதிகாரம் உள்ள ஓர் அலுவலர் வேண்டும். அவருடைய பெயரும் எண்ணும் அடிபட்டவரின் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 30 நாள் முடிவு. அவார்டு வந்தால் கட்டுவதா, மேல்முறையீடா என்பதை அதற்குள் எழுத்தில் முடிவு செய்யுங்கள். மேல்முறையீடு என்றால் காரணம் எழுதப்பட வேண்டும். உங்கள் தரப்பே மறுக்காத பகுதியை உடனே கட்டிவிடுங்கள். வழக்கு மீதித் தொகைக்கு மட்டும் நடக்கட்டும்.

மூன்றாவது, வரிசைப் பட்டியல். நிலுவையில் உள்ள அவார்டுகளைத் தேதிவாரியாக, பெயர் இல்லாமல் வழக்கு எண்ணோடு, ஒவ்வொரு கழகமும் மாதந்தோறும் வெளியிடட்டும். கை, கால், கண், முதுகுத்தண்டு இழந்தவர்களும் குடும்பத்தலைவரை இழந்த வீடுகளும் முதலில். அதற்குள் தேதி முந்தியவர் முதலில். பட்டியல் வெளியே இருந்தால் அமீனாவைக் கூட்டி வருபவர் முன்னே போக முடியாது.

நான்காவது, நிதியின் கணக்கு. 146-ஆவது பிரிவு சொல்லும் நிதியில் ஒவ்வொரு கழகமும் எவ்வளவு வைத்திருக்கிறது, எவ்வளவு கொடுத்தது, வட்டிக்கு மட்டும் எவ்வளவு போனது என்பதைத் துறையின் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைத்துவிடுங்கள். வட்டி என்ற ஒரு வரி போதும். மீதியை உறுப்பினர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஐந்தாவது, எதிருரை. அந்த அச்சுத் தாளைக் கைவிடுங்கள். போலீஸ் அறிக்கையிலும் மருத்துவமனைப் பதிவிலும் ஏற்கெனவே உறுதியானதை மறுக்காதீர்கள். கொத்தனாரிடம் கொத்தனார் என்பதற்கு அத்தாட்சி கேட்கும் முன், உங்கள் அலுவலர் ஒருவர் ஒருமுறை அவர் தெருவுக்குப் போய் விசாரித்துவிட்டு வரட்டும். அரை மணி நேர வேலை.

கடைசியாக ஒன்று. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது; அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு மாதம் என்பது கால் எடுக்கப்பட்டவர் காயம் ஆறி, செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்து, எழுந்து நிற்கப் பழகுகிற காலம். அவரிடம் ஆறு மாதக் கெடு வைக்கிற நாட்டில், கொடுக்க வேண்டியவரிடம் 30 நாள் கெடுவைக் கடைப்பிடிக்கச் சொல்வது அதிகப்படியாகாது.

விடைபெறும்போது கொத்தனாரிடம் ஒன்று கேட்டேன்: அன்று ஏன் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு எதுக்கு சார் பஸ்ஸு? அதுல நம்ம ஊரு சனம்தானே உக்காந்திருக்கும்" என்றார். பிறகு அவர் மனைவி சொன்னதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஊரில் அவரை எல்லாரும் கொத்தனார் என்றுதான் கூப்பிடுவார்களாம். கால் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஜப்தி நடந்த அந்த நாளுக்குப் பிறகு, டீக்கடையில் அவரைப் 'பஸ்ஸைப் புடிச்சவரு' என்கிறார்களாம்.

செயலாளர் அவர்களே, அவருடைய மீதித் தொகைக்கு இன்னும் தவணை ஓடுகிறது. அது நீதிமன்றத்தின் பார்வையில் இருப்பதால் வந்து சேரும் என்று நம்புகிறோம். நாங்கள் கேட்பது அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்காக. அடுத்த அமீனா எந்தப் பேருந்து நிலையத்தில், எந்த வண்டியில் ஏறப் போகிறார் என்பது இந்நேரம் ஏதோ ஒரு மண்டல அலுவலகத்தின் கோப்பில் தேதியோடு இருக்கும். அந்தக் கோப்பை இந்த வாரமே எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்